ஆட்சி ஓர் அமானிதம்: அரசு பிறந்த கதையும் நம் கடமையும்

(பொன்விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



"அரசு எப்படி உண்டானது, நல்ல ஆட்சிக்கு அடிப்படை என்ன?" என்ற தலைப்பைப் பொன்விழாக் குழுவினர் இளைஞர் பகுதிக்குத் தந்தார்கள். இது பேராசிரியர்கள் பேச வேண்டிய விஷயம் என்றுதான் முதலில் நாங்கள் நினைத்தோம். பாலிடெக்னிக்கில் மின்னியல் டிப்ளோமா முடித்துவிட்டு, சுங்கை சிப்புட்டில் கடை வைத்துப் பிழைப்பவர்கள் நாங்கள். ஆனால் யோசித்துப் பார்த்தால், அரசாங்கத்தை அன்றாடம் நேருக்கு நேர் சந்திப்பவர் வியாபாரிதான். கடை லைசென்ஸ், தராசு முத்திரை, வரி, இ.பி.எஃப்., சொக்சோ என்று ஏதாவது ஒரு வடிவத்தில் அரசு தினமும் நம் கல்லாப்பெட்டி அருகில் நிற்கிறது. ஆகவே வியாபாரிக்குப் புரிந்த மொழியிலேயே பேசுகிறோம்.

நாங்கள் சொல்ல வந்தது ஒன்றுதான். அரசு என்பது ஒரு கொடுக்கல் வாங்கல். மக்கள் தங்கள் பலத்தையும் பணத்தின் ஒரு பங்கையும் ஒரு கையில் ஒப்படைக்கிறார்கள். அந்தக் கை பாதுகாப்பையும் நீதியையும் கணக்கையும் திருப்பித் தர வேண்டும். நம் மார்க்கத்தின் சொல்லில் அதற்குப் பெயர் அமானிதம். திருப்பித் தராத ஆட்சி எவ்வளவு பலமாகத் தெரிந்தாலும் உள்ளே அரித்துப்போகிறது.

முதலில் அரசே இல்லாத ஓர் ஊரைப் பார்ப்போம். இஸ்லாத்திற்கு முந்திய மக்காவில் மன்னரும் இல்லை, நீதிமன்றமும் இல்லை. குலம்தான் பாதுகாப்பு. ஒருவனுக்குக் கேடு செய்தால் அவன் குலத்தார் வந்து கேட்பார்கள் என்ற பயம்தான் சட்டம். யமன் நாட்டு ஸபீதைச் சேர்ந்த ஒரு வியாபாரி சரக்கோடு அந்த ஊருக்கு வந்தார். ஆஸ் இப்னு வாயில் என்ற குறைஷிப் பிரமுகர் சரக்கை வாங்கிக்கொண்டு பணம் தர மறுத்தார். வந்தவருக்கு அங்கே குலம் இல்லை, ஆகவே கேட்க நாதியும் இல்லை. அவர் அபூ குபைஸ் மலையில் ஏறி, கஅபாவின் அருகில் கூடியிருந்தவர்களைப் பார்த்து உரக்க முறையிட்டார்.

அதைக் கேட்டுச் சிலருக்கு மனம் பொறுக்கவில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பெரிய தந்தையார் ஸுபைர் முன்னின்று அழைக்க, அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் என்பவரின் வீட்டில் கூடினார்கள். மக்காவில் அநீதி இழைக்கப்பட்டவர் உள்ளூர்க்காரரானாலும் வெளியூர்க்காரரானாலும், அவருக்கு உரியது கிடைக்கும்வரை எல்லோரும் ஒரே கையாக நிற்பது என்று சத்தியம் செய்தார்கள். வியாபாரிக்குப் பணம் கிடைத்தது. ஹில்ஃபுல் ஃபுளூல் எனப்படும் அந்த உடன்படிக்கையில் இளைஞராக இருந்த நபியவர்களும் கலந்துகொண்டார்கள். நபித்துவம் கிடைத்த பிறகும், அப்படி ஒரு உடன்படிக்கைக்கு இப்போது அழைத்தாலும் தாம் வருவதாகச் சொன்னார்கள் என்பது வரலாறு.

இதில் கவனிக்க வேண்டியது இரண்டு. ஏமாற்றப்பட்டவர் ஒரு வெளியூர் வியாபாரி. அவருக்காக நின்றவர்கள் அவருடைய இனத்தாரும் அல்லர், குலத்தாரும் அல்லர். "என் ஆளா, உன் ஆளா" என்ற கேள்வி நின்று, "நியாயம் எது?" என்ற கேள்வி தொடங்கும் இடத்தில்தான் அரசு என்பதற்கே விதை விழுகிறது. 622இல் ஹிஜ்ரத்துக்குப் பின் மதீனாவில் எழுதப்பட்ட சாசனம் அந்த விதையை வளர்த்தது. முஸ்லிம்களும் யூதர்களும் அவரவர் மார்க்கத்தில் இருந்துகொண்டே, ஊரின் பாதுகாப்புக்குச் சேர்ந்து பொறுப்பேற்றார்கள். வழக்கு வந்தால் யாரிடம் தீர்ப்புக்குப் போவது என்பதும் அதில் எழுதப்பட்டது.

ஏன் அரசு வேண்டும் என்பதற்கு இப்னு கல்தூன் 1377இல் எழுதிய முகத்திமாவில் காரணம் சொல்கிறார். ஒரு மனிதன் தனக்கான ரொட்டியைக்கூடத் தனியாக உண்டாக்கிக்கொள்ள முடியாது. உழுபவர், அரைப்பவர், கருவி செய்பவர், சுடுபவர் எல்லோரும் வேண்டும். ஆகவே கூடி வாழ்கிறோம். கூடி வாழும்போது ஒருவர் பொருள்மீது மற்றவர் கை நீளும். நீளும் கையைத் தடுக்க ஒருவர் தேவைப்படுகிறார். அந்தத் தடுப்பவர்தான் ஆட்சி. வியாபாரிகளுக்குப் பிடித்த இன்னொரு கருத்தும் அவரிடம் உண்டு: ஓர் ஆட்சியின் தொடக்கத்தில் வரி குறைவாக இருக்கும், வருமானம் பெருகும். முடிவு நெருங்கும்போது வரி கூடும், வருமானம் சுருங்கும். ஏனென்றால் உழைப்பதில் மக்களுக்கு ஊக்கம் போய்விடும்.

தடுக்க வந்தவரே எடுக்கத் தொடங்கினால் என்ன செய்வது? வரிக்கும் வழிப்பறிக்கும் என்ன வேறுபாடு? கையில் அதிகாரக் கோலோடு நின்று கேட்கும் மன்னனை, ஆயுதத்தோடு வழிமறிக்கும் கள்வனுக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். இரண்டு பேருக்கும் பணம் கொடுத்துவிட்டுத்தான் நகர வேண்டும். ஒருவரிடம் கணக்குக் கேட்கலாம், மற்றவரிடம் கேட்க முடியாது என்பதுதான் வேறுபாடு. ஏறக்குறைய 1,100 ஆண்டுகளுக்கு முன், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், உத்திரமேரூர்க் கோயில் சுவரில் குடவோலைத் தேர்தல் விதிகளை வெட்டிவைத்தார்கள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் தேர்தலுக்கு நிற்கக் கூடாது, அவருடைய உறவினரும் நிற்கக் கூடாது என்பது அதில் ஒரு விதி. அந்தச் சபை நிலமுள்ள அந்தணர்களுக்கு மட்டுமே உரியது, ஊரார் எல்லோருக்கும் அதில் இடமில்லை. இருந்தாலும் அந்த ஒரு விதியை இன்றைக்கும் நாம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

இனி நம் பேராக்கிற்கு வருவோம். 1511இல் மலாக்காவைப் போர்த்துக்கீசியர் பிடித்தார்கள். மலாக்காவின் கடைசி சுல்தான் மஹ்மூத் ஷாவின் மகன் முஸஃபர் ஷா 1528இல் பேராக்கின் முதல் சுல்தானானார். ஆகவே மலாக்காவின் கதைதான் பேராக் அரசின் பூர்வீகக் கதை. அதைச் சொல்லும் செஜாரா மெலாயு என்ற நூலில் ஓர் ஒப்பந்தம் வருகிறது. மன்னர் குலத்து மூதாதை சாங் சபுர்பாவும், மக்கள் சார்பில் டெமாங் லேபார் டாவுனும் வாக்குக் கொடுத்துக்கொள்கிறார்கள். மக்கள் மன்னருக்குத் துரோகம் செய்வதில்லை. மன்னர் குடிமக்களை இழிவுபடுத்துவதில்லை. குடிமக்களை மன்னர் இழிவுபடுத்தினால் அது நாடு அழியப்போவதற்கு அடையாளம் என்றும் அந்நூல் எச்சரிக்கிறது.

அதே நூல், அந்த வாக்கு எப்படி மீறப்பட்டது என்பதையும் மறைக்காமல் சொல்கிறது. மலாக்காவின் பெண்டஹாரா, அதாவது தலைமை அமைச்சர், துன் முத்தாஹிர் தமிழ் முஸ்லிம் வழிவந்தவர். அவர் அரசைக் கைப்பற்றப் பார்க்கிறார் என்று பொய்ப் புகார் போனது. சுல்தான் விசாரிக்காமலே 1510இல் அவருக்கும் குடும்பத்தாருக்கும் மரண தண்டனை கொடுத்தார். உண்மை தெரிந்து வருந்தியபோது காலம் கடந்துவிட்டது. அடுத்த ஆண்டே மலாக்கா விழுந்தது. போர்த்துக்கீசியரின் பீரங்கி ஒரு காரணம். ஆனால் பீரங்கி வருமுன்பே அரண்மனைக்குள் நம்பிக்கை விழுந்திருந்தது. விசாரணை இல்லாத தண்டனை எந்த அரசையும் பலப்படுத்தியதில்லை.

பேராக்கில் அரசு என்பது பெரும்பாலும் ஆற்றங்கரையில்தான் கண்ணுக்குத் தெரிந்தது. ஈயம் ஆற்று வழியே கடலுக்குப் போக வேண்டும். ஆற்றைப் பார்த்திருக்கும் பெருந்தலைவர்கள் வழியில் நிறுத்தித் தீர்வை வாங்கினார்கள். 1871இல் சுல்தான் அலி காலமானார். அடுத்து யார் என்பதில் ராஜா இஸ்மாயிலுக்கும் ராஜா அப்துல்லாவுக்கும் போட்டி வந்தது. லாரூட்டில் ஈயச் சுரங்கத்திற்காக கீ ஹின், ஹாய் சான் கூட்டத்தார் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழப்பத்தில் பிரிட்டிஷார் நுழைந்தார்கள். 1874 ஜனவரி 20ஆம் நாள் பங்கோர் ஒப்பந்தம் கையெழுத்தானது. சமயமும் வழக்கமும் தவிர மற்ற எல்லாவற்றிலும் பிரிட்டிஷ் ரெசிடெண்டின் ஆலோசனையைக் கேட்டு அதன்படி நடக்க வேண்டும், வரி வசூலும் அவர் ஆலோசனைப்படியே நடக்க வேண்டும் என்று அதில் எழுதினார்கள்.

முதல் ரெசிடெண்ட் பர்ச், பழைய தீர்வைகளை நிறுத்தி எல்லா வரியையும் தம் கைக்கு மாற்ற முற்பட்டார். கடன் அடிமை முறையையும் எதிர்த்தார். அடிமை முறையை எதிர்த்தது நியாயம். ஆனால் ஊரில் யாரையும் கலந்துகொள்ளாமல், நோட்டீஸ் ஒட்டி ஆள முடியும் என்று நினைத்தார். 1875 நவம்பர் 2ஆம் நாள் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். பிரிட்டிஷ் படை வந்தது, மகாராஜா லேலா தூக்கிலிடப்பட்டார், சுல்தான் அப்துல்லா செய்ஷெல்ஸ் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

அதன்பின் வந்த ஹியூ லோ 1877இல் ஆட்சி மன்றம் ஒன்றைக் கூட்டினார். மலாய்ப் பெருந்தலைவர்களும் சீனத் தலைவர்களும் அதில் உட்கார்ந்தார்கள். வரியைப் பற்றி அங்கே பேசினார்கள். பர்ச்சால் முடியாத அடிமை ஒழிப்பு, அந்த மன்றத்தில் பல ஆண்டுகள் பேசிய பிறகு நடந்தேறியது. அதுவும் அந்நிய ஆட்சிதான், கடைசிச் சொல் ரெசிடெண்டுடையதுதான். ஆனால் ஒரு பாடம் அங்கே உண்டு. கணக்கில்லாத தீர்வையும் நிற்கவில்லை, சம்மதமில்லாத சீர்திருத்தமும் நிற்கவில்லை. அல்குர்ஆனில் ஷூரா, அதாவது கலந்தாலோசனை என்ற பெயரிலேயே ஓர் அத்தியாயம் இருக்கிறது. அந்த ஹியூ லோதான் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகளை நட்டவர். நம் பாட்டன்மார் பால் மரம் வெட்டிய தோட்டங்களும் அவர்களுக்குச் சாமான் விற்ற நம் கடைகளும் அதற்குப் பின்னால் வந்தவை.

நம் ஊரின் பெயர் உலகச் செய்தியில் வந்தது 1948 ஜூன் 16ஆம் நாள். அன்று காலை எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. 1960 ஜூலை 31 வரை அது நீடித்தது. விசாரணை இல்லாமல் தடுப்புக் காவல் வந்தது. காட்டோரத்தில் இருந்த சுமார் ஐந்து லட்சம் பேர் முள்வேலி போட்ட புதுக் கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள். அரிசிக்குக் கட்டுப்பாடு வந்தது. கடையில் டின் உணவு விற்றால், காட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவைக்க முடியாதபடி கடைக்காரரே அதில் ஓட்டை போட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. இன்று நாம் சட்டைப் பையில் வைத்திருக்கும் அடையாளக் கார்டின் தொடக்கமும் 1948இன் அவசரகாலப் பதிவுதான். யார் உள்ளே, யார் வெளியே என்று பிரிப்பதற்காக வந்த கார்டு அது.

அரசுக்கு இரண்டு கைகள் உண்டு என்பதை அந்த 12 ஆண்டுகள் காட்டின. ஒரு கை காக்கும். இன்னொரு கை இறுக்கும். சில நேரம் இரண்டும் ஒரே கையாக இருக்கும். பயத்தால் மட்டும் மக்களை வைத்திருக்க முடியாது என்பதால்தான், அவசரகாலம் நடந்துகொண்டிருக்கும்போதே 1955இல் பொதுத்தேர்தல் நடந்தது. நம் ஊரில் பிறந்த வீ. தி. சம்பந்தன் அந்தத் தேர்தலில் வென்று அமைச்சரானார். 1957 ஆகஸ்ட் 31இல் சுதந்திரம் வந்தது. அதற்கான அரசியலமைப்பை வரைந்த ரீட் குழுவில் ஐந்து பேர். இந்தியாவிலிருந்து ஒரு நீதிபதியும் பாகிஸ்தானிலிருந்து ஒரு நீதிபதியும் அதில் இருந்தார்கள்.

அந்த அரசியலமைப்பின் அடிப்படைகளை நாங்கள் படித்த மின்னியல் வழியாகச் சொல்கிறோம். மின்சாரம் இல்லாமல் வீடு நடக்காது. அதற்காகப் பிரேக்கர் இல்லாமல் யாரும் வயரிங் செய்வதில்லை. மின்சாரம் கெட்டது என்பதற்காக நாம் பிரேக்கர் வைப்பதில்லை, அது பலமானது என்பதற்காக வைக்கிறோம். ஆட்சியும் அப்படித்தான். சட்டம் இயற்ற நாடாளுமன்றம், நடத்த அமைச்சரவை, அளவு மீறினால் துண்டிக்க நீதிமன்றம். சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் வரி விதிக்கக் கூடாது என்கிறது 96ஆவது பிரிவு. வாங்கிய பணத்தின் கணக்கைத் தணிக்கைத் தலைவர் பார்த்து, அறிக்கை மக்களவைக்கு வர வேண்டும் என்கிறது 107ஆவது பிரிவு. பேராக் சுல்தானாவதற்கு முன் நீதிபதியாக இருந்த ராஜா அஸ்லான் ஷா, 1979இல் வெளியான ஒரு நில வழக்குத் தீர்ப்பில், சட்டப்படியான எந்த அதிகாரத்துக்கும் எல்லை உண்டு, எல்லையில்லாவிட்டால் அது சர்வாதிகாரம் என்ற கருத்தை எழுதினார். இந்நாட்டு வழக்கறிஞர்கள் இன்றும் எடுத்துக்காட்டும் தீர்ப்பு அது.

பிரேக்கர் எது என்று தெளிவாகத் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் நம் மாநிலம் பார்த்தது. 2009 பிப்ரவரியில் மூன்று சட்டமன்ற உறுப்பினர்கள் அணி மாறினார்கள். மந்திரி பெசார் பெரும்பான்மையை இழந்தாரா என்பதைச் சட்டமன்றத்தில்தான் முடிவு செய்ய வேண்டுமா, வேறு வழியிலும் சுல்தான் அறிந்துகொள்ளலாமா என்று வழக்கு நடந்தது. மார்ச் மாதம் ஈப்போவில் மரத்தடியில் சட்டமன்றம் கூடியது. மே மாதம் சபாநாயகர் நாற்காலியோடு வெளியேற்றப்பட்டார். ஒரு வருடம் கழித்து, வேறு வழியிலும் அறிந்துகொள்ளலாம் என்று கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2020 டிசம்பர் 4ஆம் நாள் அதே கேள்வி மறுபடியும் வந்தது. இந்த முறை சட்டமன்றத்திலேயே வாக்கெடுத்தார்கள். ஆதரவு 10, எதிர்ப்பு 48. மந்திரி பெசார் பதவி விலகினார். நாம் இங்கே எந்தக் கட்சிக்கும் பேசவில்லை. எண்ணிப் பார்த்து முடிவு செய்தபோது ஊரில் கடை அடைக்க வேண்டியிருக்கவில்லை என்பதை மட்டும் சொல்கிறோம்.

சகோதரர்களே, இதுவரை பெரிய கதை. இனி நம் வீட்டுக் கதை.

வரி கட்டுகிறவருக்குக் கேள்வி கேட்க உரிமை உண்டு என்றோம். நம் ஊரில், நம் தெருவில், அறுபது ஆண்டு இந்த மண்ணில் உழைத்து இன்னும் சிவப்பு அட்டையோடு இருக்கும் மூத்தவர்கள் இருக்கிறார்கள். சுதந்திரத்தின்போது பாரம் நிரப்பாதவர்கள், பிறப்புப் பத்திரம் இல்லாதவர்கள், எழுதப் படிக்கத் தெரியாமல் விட்டவர்கள். 1968இல் வந்த சட்டத்தின்படி குடியுரிமை இல்லாதவருக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது, பல்லாயிரம் பேர் மூட்டை கட்டிக்கொண்டு கப்பல் ஏறினார்கள். ஏறாமல் நின்றவர்களில் சிலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். நம் கடையில் சாமான் வாங்கும்போது அவர்களும் வரி கொடுக்கிறார்கள். தேர்தல் நாளில் மட்டும் அவர்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள். யமன் வியாபாரிக்குக் குலம் இல்லாததுபோல, இவர்களுக்குக் கார்டு இல்லை. அவருக்காகக் கூடியவர்கள் போல இவர்களுக்காகக் கூட வேண்டியவர்கள் நாம்தான். அவர்கள் மலபாரியா, ராவுத்தரா, மரைக்காயரா, தோட்டத்து இந்துச் சகோதரரா என்று கேட்கக் கூடாது.

இன்னொன்று, நகராண்மைக் கழகம். நம் ஊர் கோலகங்சார் நகராண்மைக் கழகத்தின் கீழ் வருகிறது. குப்பை, கால்வாய், தெருவிளக்கு, கடை லைசென்ஸ் எல்லாம் அதன் கையில். மலாயாவில் ஊராட்சித் தேர்தல்கள் ஒரு காலத்தில் நடந்தன. ஈப்போ நகராண்மைக் கழகத்தைச் சீனிவாசகம் சகோதரர்களின் கட்சி தேர்தலில் வென்று நடத்தியதை மூத்தவர்கள் அறிவார்கள். 1965இல் அந்தத் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. 1976ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது. ஆனால் அதே சட்டம், நகராண்மைக் கழகக் கூட்டம் வேறு தீர்மானம் இல்லாதவரை பொதுமக்களுக்குத் திறந்தது என்றும் சொல்கிறது. நாம் அங்கே போய் உட்கார்ந்தோமா? கால்வாய் அடைத்தால் காப்பிக் கடையில் பேசுகிறோம். பேச வேண்டிய இடத்தில் நாற்காலி காலியாகக் கிடக்கிறது.

2021 டிசம்பர் 15 முதல் 18 வயதானாலே வாக்காளர் பட்டியலில் பெயர் தானாகச் சேர்கிறது. நம் பிள்ளைகள் இனி பாரம் நிரப்பவும் தேவையில்லை. ஆனால் வாக்கு தானாக வரும், பொறுப்பு தானாக வராது. அதை எங்கே கற்றுக்கொள்வார்கள்? இந்தச் சங்கத்தில்தான்.

சங்கம் என்பதும் ஒரு சின்ன அரசுதான். சந்தா என்பது வரி. சட்டவிதிப் புத்தகம் அரசியலமைப்பு. ஆண்டுப் பொதுக்கூட்டம் நாடாளுமன்றம். கணக்காய்வாளர் தணிக்கைத் தலைவர். 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டப்படி, பொதுக்கூட்டம் முடிந்து 60 நாள்களுக்குள் கணக்கைப் பதிவு இலாகாவுக்கு அனுப்ப வேண்டும். அது அரசாங்கத்துக்குக் காட்டும் கணக்கு. உறுப்பினருக்குக் காட்டும் கணக்கு அதைவிடப் பெரியது. மறுமையில் காட்டும் கணக்கு எல்லாவற்றிலும் பெரியது. கலீஃபா அபூபக்கர் (ரலி) அவர்கள் பொறுப்பேற்ற நாளில், தாம் நேராக நடந்தால் உதவுங்கள், தவறினால் திருத்துங்கள் என்று மக்களிடம் கேட்டுக்கொண்டார்கள். அவர்களே அப்படிக் கேட்டபிறகு, பொதுக்கூட்டத்தில் ஓர் இளைஞன் எழுந்து ரசீது எங்கே என்று கேட்டால் அதை மரியாதைக் குறைவாக நினைக்கத் தேவையில்லை. கேட்கும் இளைஞனும் குரலைத் தாழ்த்தி, பெரியவர்களின் முகம் கோணாமல் கேட்கப் பழக வேண்டும். இந்த 50 ஆண்டுகள் மையித்துக்கு ஓடி, ஏழைக்குத் திருமணம் செய்துவைத்து, பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்தவர்கள் அவர்கள்தாம்.

ஆகவே பொன்விழா ஆண்டில் மூன்று கோரிக்கைகளைப் பணிவோடு வைக்கிறோம். முதலாவது, மாதத்தில் ஒரு நாள் சங்க மண்டபத்தில் மேசை போட்டு, குடியுரிமையும் பிறப்புப் பத்திரமும் இல்லாதவர்களுக்கு எந்த இனத்தவரானாலும் பாரம் நிரப்பி உதவுவோம். இரண்டாவது, நகராண்மைக் கழகக் கூட்டத்துக்கு நம் சார்பில் இருவர் தவறாமல் போய், நடந்ததை ஜும்ஆவுக்குப் பின் ஊருக்குச் சொல்லட்டும். மூன்றாவது, பொதுக்கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே கணக்கு அறிக்கை எல்லா உறுப்பினர் கைக்கும் வரட்டும். சகோதரிகளுக்கும் 18 வயது நிரம்பிய பிள்ளைகளுக்கும் அதில் வாக்கு இருக்கட்டும்.

இவற்றுக்குப் பெரிய பணம் தேவையில்லை. ஒரு மேசை, இரண்டு பேர், கொஞ்சம் தாள். அன்று மக்காவில் தேவைப்பட்டதும் ஒரு வீடும் சிலர் கொடுத்த வாக்கும்தான்.

நம் நாட்டையும் மாநிலத்தையும் இந்த ஊரையும் நீதியோடு ஆள்பவர்களுக்கு அல்லாஹ் துணை நிற்பானாக. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களை உரியவரிடம் சேர்க்கும் பலத்தை நமக்கும் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.